பொட்டலம் கட்டுற நரம்பு: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் பாம்புக்கடி பத்தின ஒரு கேள்விக்குப் பதில் எழுதுறப்ப, "கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையில இருக்குற ரசாயனப் பொட்டலத்தை எல்லாம் காலி பண்ணிடும்"னு ஒரு வரி போற போக்குல எழுதிட்டு விட்டுட்டேன். அது வம்பாப் போச்சு. என்ன பொட்டலம், யாரு கட்டுறா, எங்க அடுக்கி வச்சிருக்கு, யாரு பிரிக்கிறான்னு கடிதமும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிடுச்சு. அதனால இந்த மாசம் முழுக்க அந்த ஒரு விஷயம்தான். சுகர், பிரஷர் கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

நரம்புல ஓடுறது கரண்ட்டுன்னுதான் நான் பள்ளிக்கூடத்துல படிச்சேன், என் பையனுக்கும் அதையேதான் சொல்லிக்குடுத்தேன். நீங்க ரசாயனம்ங்கிறீங்க. எது சரி சார்?
வாசகர், திருநெல்வேலி

ரெண்டும் சரிதாங்க, பையன்கிட்ட தப்பா சொல்லிட்டோம்னு கவலைப்படாதீங்க. ஒரு நரம்பு செல்லுக்குள்ள, அந்த நீளமான வால் வழியா ஓடுறது மின்சாரம்தான். ஆனா அந்த செல் முடிஞ்சு அடுத்த செல் ஆரம்பிக்கிற எடத்துல ஒரு சந்து இருக்கு. அகலம் சுமார் 20 நானோமீட்டர், அதாவது உங்க தலைமுடி ஒண்ணோட குறுக்களவுக்குள்ள அந்த மாதிரி ஆயிரக்கணக்கான சந்தை அடுக்கிடலாம், அவ்ளோ சின்னது. இருந்தாலும் சந்து சந்துதான், நடுவுல உப்புத்தண்ணி, கரண்ட்டு அங்க வந்து நின்னுடும். அந்தப் பக்கம் சேதி போகணும்னா இந்தப் பக்கத்துல இருந்து ஏதாவது ஒரு பொருளைக் கொட்டியாகணும். சில எடத்துல ரெண்டு செல்லும் ஒட்டிக்கிட்டு கரண்ட்டே நேரா பாயுறதும் உண்டு, ஆனா மூளையில பெரும்பாலும் நடக்குறது இந்தக் கொட்டுற வேலைதான்.

இதை ஒத்துக்க வைக்கிறதுக்குள்ள விஞ்ஞானிகளுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு. ரசாயனம்னு சொன்னவங்க சூப்பு கட்சி, கரண்ட்டுன்னு சொன்னவங்க தீப்பொறி கட்சி, நெசமாவே அப்படித்தான் பேர் வச்சுக் கூப்பிட்டாங்க. சூப்பு கட்சிக்கு மொதல் வெற்றி ஆஸ்திரியாவுல கிராட்ஸ் நகரத்துல ஓட்டோ லோவின்னு ஒருத்தரால வந்துச்சு. அவரு ராத்திரி தூக்கத்துல ஒரு கனவு கண்டு, எந்திரிச்சு ஒரு துண்டுத்தாள்ல கிறுக்கி வச்சுட்டுப் படுத்துட்டாரு, காலையில பாத்தா அவர் கையெழுத்து அவருக்கே புரியல. (டாக்டர் கையெழுத்து உலகம் பூரா ஒரே மாதிரிதான் போல.) மறுநாள் ராத்திரியும் அதே கனவு வந்துச்சாம். இந்த தடவை எழுதிக்கிட்டு உக்காராம நேரா லேபுக்கே ஓடிட்டாரு. ரெண்டு தவளை இதயத்தை எடுத்து உப்புத்தண்ணியில துடிக்க விட்டாரு. மொதல் இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பைத் தூண்டினா துடிப்பு குறையும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. அவரு என்ன பண்ணாருன்னா, அந்த இதயம் ஊறிக்கிட்டு இருந்த தண்ணியை எடுத்து, எந்த நரம்பும் தொடாத ரெண்டாவது இதயத்து மேல ஊத்தினாரு. அதுவும் மெதுவாயிடுச்சு! அப்ப நரம்பு ஏதோ ஒரு பொருளைத் தண்ணியில விட்டிருக்கு. 1921ல இதை எழுதினாரு, அந்தப் பொருள் அசிட்டைல்கோலின்னு பின்னாடி உறுதியாச்சு, 1936ல ஹென்றி டேல்கூட சேர்ந்து நோபல் வாங்கினாரு. ரெண்டே வருஷத்துல நாஜிங்க அவரைப் புடிச்சு உள்ள வச்சு, அந்தப் பரிசுப் பணத்தை எல்லாம் எழுதி வாங்கிக்கிட்டுத்தான் நாட்டை விட்டே போக விட்டாங்க, அது தனிக் கதை.

தீப்பொறி கட்சியோட தலைவர் மாதிரி இருந்தவரு ஜான் எக்கிள்ஸ். 1951ல நியூசிலாந்துல, தண்டுவட நரம்பு செல்லுக்குள்ளயே ஊசி மாதிரி மின்முனையைக் குத்திப் பாத்து, தன்னோட கொள்கை தப்புன்னு தானே கண்டுபிடிச்சு தானே வெளியில சொன்னாரு. எனக்கு இந்த மனுசன்மேல தனி மரியாதை உண்டு.

சரி சார், ரசாயனம்தான். அதை அப்படியே ஒழுக விட்டாப் போதாதா? எதுக்குப் பொட்டலம் கட்டணும்?
நர்சிங் மாணவி, நாமக்கல்

நல்ல கேள்விம்மா. உங்க ஊர்ல பழைய மாதிரி அண்ணாச்சி மளிகைக்கடை இன்னும் இருந்தா காலையில ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே கடைப்பையன் உக்காந்து சக்கரை கால் கிலோ, பருப்பு கால் கிலோன்னு மடிச்சு மடிச்சு அடுக்கிட்டு இருப்பான். எட்டு மணிக்கு பத்து பேரு சேந்தாப்ல வந்து நின்னா, அப்ப போய் மூட்டையைப் பிரிச்சு நிறுத்துக்கிட்டு இருக்க முடியாது, எடுத்து எடுத்து நீட்டணும். நரம்பு முனையும் அதேதான். சேதி வந்து ஒரு மில்லி செகண்டுக்குள்ள சரக்கு சந்துக்குப் போயாகணும், அதனால முன்கூட்டியே கட்டி வச்சிருக்கும். அந்தப் பொட்டலத்துக்குப் பேருதான் வெசிக்கிள். கொழுப்புச் சவ்வாலான குட்டி உருண்டை, குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். மூளையில ஒரு சாதாரண நரம்பு முனையில சில நூறு உருண்டை இருக்கும், அதுல கல்லாப்பெட்டி பக்கத்துலயே, இப்பவே நீட்டத் தயாரா நிக்கிறது அஞ்சோ பத்தோதான், மிச்சம் எல்லாம் பின்கட்டு சரக்கு.

பொட்டலம்னு ஒண்ணு இருக்குறதைக் கண்ணால பாக்குறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாங்க, அதுதான் இந்தக் கதையிலயே எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். பெர்னார்ட் காட்ஸ்னு ஒருத்தர், ஜெர்மனியில பொறந்த யூதர், ஹிட்லர் காலத்துல 1935ல லண்டனுக்கு ஓடி வந்தவரு. அவரும் பால் ஃபாட்டும் தவளைத் தசையில, நரம்பு வந்து சேர்ற எடத்துல மின்முனையைக் குத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நரம்பைத் தூண்டவே இல்ல. ஆனா திரையில அப்பப்ப குட்டிக் குட்டியா ஒரு துள்ளல் வருது, அரை மில்லிவோல்ட் அளவுக்கு. நம்மளா இருந்தா மெஷின் கோளாறு, வயர் லூசுன்னு தட்டி விட்டிருப்போம். அவங்க 1950ல அதை உயிரியல் இரைச்சல்னு சொல்லி ஒரு சின்ன குறிப்பா எழுதினாங்க. அப்புறம் காட்ஸும் டெல் காஸ்டில்லோவும் சேர்ந்து, தண்ணியில கால்சியத்தைக் குறைச்சு, நரம்பைத் தூண்டினா வர்ற பதிலையே ரொம்ப சின்னதாக்கிப் பாத்தாங்க. ஒரு தடவை பதிலே இல்ல, ஒரு தடவை அந்தக் குட்டித் துள்ளல் அளவு, ஒரு தடவை அதுல ரெண்டு மடங்கு, ஒரு தடவை மூணு மடங்கு. ஒண்ணரை மடங்குங்கிற பேச்சே இல்ல. சில்லறையா அள்ளிக் கொட்டுற கடையா இருந்தா ஒண்ணரையும் வரும், ஒண்ணேமுக்காலும் வரும், பொட்டலமா விக்கிற கடையிலதான் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரும். 1954ல இதை வெளியிட்டாங்க. சும்மா இருக்குறப்ப வந்த அந்தக் குட்டித் துள்ளல், யாரும் கேக்காமயே அலமாரியில இருந்து தானா விழுந்த ஒரே ஒரு பொட்டலம். கிட்டத்தட்ட அதே சமயத்துல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல நரம்பு முனையைப் பாத்தவங்களுக்கு உள்ள உருண்டை உருண்டையா அடுக்கியிருக்குறது தெரிஞ்சுது, ரெண்டும் சேந்துக்கிச்சு. காட்ஸுக்கு 1970ல நோபல்.

உருண்டைக்குள்ள சரக்கு எப்படி ஏறுதுன்னும் கேட்டிருந்தீங்க. ஒவ்வொரு உருண்டையிலயும் ஒண்ணோ ரெண்டோ பம்பு இருக்கு. அது செலவு பண்ற எரிபொருள் நம்ம சாப்பாட்டுல இருந்து வர்ற ஏடிபி. அந்தப் பம்பு ஹைட்ரஜன் அயனியை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும், உள்ள அமிலம் ஏறும், நெரிசல் ஆயிடும், எப்படா வெளிய போலாம்னு ஹைட்ரஜன் தவிக்கும். வெளிய போறதுக்கு இருக்குற கதவோ நம்ம டவுன் பஸ் படி மாதிரி, ஒருத்தர் எறங்கினாத்தான் ஒருத்தர் ஏற முடியும். ஹைட்ரஜன் எறங்க எறங்க குளூட்டமேட்டோ டோபமைனோ ஏறிக்கும். எந்த ரசாயனம் ஏறணும்ங்கிறதை அந்தக் கதவுதான் முடிவு பண்ணும், டோபமைன் கதவு வேற, குளூட்டமேட் கதவு வேற, அசிட்டைல்கோலின் கதவு வேற. குளூட்டமேட் உருண்டையில சுமார் 1,800 மூலக்கூறு ஏறும்னு ஒரு கணக்கு இருக்கு.

உங்க பாடப்புத்தகத்துல இன்னொரு வகையும் போட்டிருப்பாங்க, பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு, அடைச்ச பெரிய உருண்டை. அதை முனையிலயே கட்ட முடியாது, செல்லோட தலைப்பகுதியிலதான் தயாராகும், அங்க இருந்து ரயில் தண்டவாளம் மாதிரி இருக்குற இழைமேல இழுத்துக்கிட்டு வரணும். ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரைக்கும் வரும். முதுகுத்தண்டுல இருந்து கால் பெருவிரல் வரைக்கும் ஒரு மீட்டர்னு வச்சுக்கிட்டா ரெண்டரை நாள் பயணம்.

பொறந்த குழந்தைக்கு சேனை வைக்கிறப்ப நாக்குல தேன் தடவுறது எங்க குடும்ப வழக்கம். டாக்டர் கூடவே கூடாதுன்னு சத்தம் போடுறாங்க. மாமியார் "நாங்க எல்லாம் வளரலையா"ங்கிறாங்க. யாரு சொல்றதைக் கேக்குறது?
வாசகி, தேனி

இந்தக் கேள்வி இந்த மாச விஷயத்துக்கு சம்பந்தம் இல்லாததுன்னு நெனச்சு ஓரமா வச்சேன், அப்புறம் பாத்தா நேரா நடு வீட்டுக்குள்ளயே வருது. டாக்டர் சொல்றதைக் கேளுங்கம்மா. ஒரு வயசு முடியுற வரைக்கும் தேன் வேண்டாம், ஒரு சொட்டுகூட. காரணம் சொன்னா மாமியாரும் ஒத்துப்பாங்க, அதுக்கு அந்தப் பொட்டலம் எப்படித் தொறக்குதுன்னு மொதல்ல பாக்கணும்.

ரசத்து மேல மிதக்குற ரெண்டு எண்ணெய்ச் சொட்டு பக்கத்துல பக்கத்துல வந்தா சட்டுனு ஒண்ணாயிடும் பாத்திருக்கீங்கல்ல, உருண்டையோட சவ்வும் நரம்பு முனையோட சவ்வும் அப்படி ஒண்ணானாத்தான் உள்ள இருக்குறது வெளிய கொட்டும். ஆனா இந்த ரெண்டு சவ்வும் எண்ணெய்ச் சொட்டு மாதிரி தானா சேராது, ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், புடிச்சு இழுத்து நெருக்கணும். அதுக்குத்தான் நாலு பிரி கயிறு. ஒரு பிரி உருண்டையில இருந்து நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குப் பேரு சினாப்டோபிரெவின். மிச்ச மூணு பிரி முனைச் சவ்வுல இருக்கும், சின்டாக்சின்ல ஒண்ணு, ஸ்னாப்-25ங்கிற புரதத்துல ரெண்டு. நாலும் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கிக்கிட்டு வர வர உருண்டை சவ்வோட நெருங்கிடும். ஆனா முழுசா முறுக்காம பாதியில காத்துக்கிட்டு நிக்கும். கரண்ட்டு முனைக்கு வந்த ஒடனே கால்சியம் கதவு தொறக்கும், வெளிய கால்சியம் உள்ள இருக்குறதை விட சுமார் பத்தாயிரம் மடங்கு ஜாஸ்தி, அதனால அணை தொறந்த மாதிரி உள்ள பாயும். அதுக்காகவே காத்திருக்குற சினாப்டோடாக்மின்ங்கிற புரதம் கால்சியத்தைப் புடிச்சதும் தடை விலகும், கயிறு இறுகும், பொட்டலம் பிரியும். இதை எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய கொண்டாந்த ராத்மன், ஷெக்மன், சூட்ஹோஃப் மூணு பேருக்கும் 2013ல நோபல் குடுத்தாங்க.

இப்ப தேனுக்கு வரேன். க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்னு ஒரு பாக்டீரியா, அதோட வித்து மண்ணுல இருக்கும், சில சமயம் தேன்லயும் இருக்கும். பெரியவங்க வயித்துல அது முளைக்காது, ஏற்கனவே அங்க குடியிருக்குற பாக்டீரியாக்கள் எடம் விடாது. பச்சக்குழந்தை குடல்ல அந்தக் காவல் இன்னும் வரல, அதனால முளைச்சு விஷத்தை விடும். அந்த விஷம் ஒரு கத்தரிக்கோல். நரம்பு முனைக்குள்ள நுழைஞ்சு அந்தக் கயித்துல ஒரு பிரியை நறுக்குன்னு வெட்டிடும். பொட்டலம் நெறைய இருக்கு, கால்சியமும் வருது, ஆனா கயிறு இல்ல, அதனால பிரியாது. தசைக்கு உத்தரவே போகாது. குழந்தைக்கு மொதல்ல மலச்சிக்கல், அப்புறம் பால் சப்ப முடியாது, அழுகைச் சத்தம் சன்னமாயிடும், தலை நிக்காம துவண்டு போயிடும், மூச்சுத் தசை வரைக்கும் போனா உயிருக்கே ஆபத்து. எல்லாக் குழந்தைக்கும் வராது, நெசம்தான், மாமியார் வளர்த்த அத்தனை பேரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எந்த பாட்டில்ல வித்து இருக்குன்னு பாத்து சொல்ல முடியாது, வீட்டுல காய்ச்சினாலும் அது சாகாது.

இதே கத்தரிக்கோலை ரொம்ப ரொம்பக் கொஞ்சமா எடுத்து நெத்தியில குத்திக்கிறாங்களே, அதுதான் போடாக்ஸ். சுருக்கம் போடுற தசைக்கு சேதி போகாது, மூணு நாலு மாசம் முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும், அப்புறம் நரம்பு புதுக் கயிறு திரிச்சுக்கும், மறுபடி காசு குடுத்துக் குத்திக்கணும். சினிமாக்காரங்க சமாச்சாரம்னு ஒதுக்கிடாதீங்க, அமெரிக்காவுல 1989ல மொதல்ல அனுமதி வாங்கினது மாறுகண்ணுக்கும் கண் இமை இழுப்புக்கும்தான்.

இன்னொரு வினோதம் கேளுங்க. டெட்டனஸ், அதான் ரணஜன்னி, அதுவும் கிட்டத்தட்ட இதே கத்தரிக்கோல், வெட்டுறதும் அந்த சினாப்டோபிரெவின் பிரியைத்தான். ஆனா ஒண்ணுல ஒடம்பு துவண்டு போகுது, இன்னொண்ணுல வில்லு மாதிரி வளைஞ்சு விறைச்சு தாடை பூட்டிக்குது! ஏன்னா டெட்டனஸ் விஷம் தசைக்குப் பக்கத்துலயே நிக்காம நரம்பு வழியா முதுகுத்தண்டு வரைக்கும் ஏறிப் போய், "போதும், நிறுத்து"ன்னு சொல்ற நரம்புகளோட கயிறைப் பார்த்து வெட்டும். நிறுத்தச் சொல்ல ஆளில்லன்னா தசை இழுத்துக்கிட்டேதான் இருக்கும்.

கட்டுவிரியனும் நரம்பு விஷம், நல்ல பாம்பும் நரம்பு விஷம். ஆனா எங்க ஊர்ல நல்ல பாம்பு கடிச்சவரு மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டாரு, கட்டுவிரியன் கடிச்ச பையன் ரெண்டு வாரத்துக்கும் மேல ஆஸ்பத்திரியில மெஷின்ல கெடந்தான். ஏன் இந்த வித்தியாசம்?
விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

ஐயா, வம்பை ஆரம்பிச்சு வச்ச கேள்வியே இதுதான், இதுக்குத்தான் கொஞ்சம் விரிவா எழுதணும்.

சந்துக்கு ரெண்டு கரை. இந்தக் கரையில பொட்டலம் கட்டுற நரம்பு, அந்தக் கரையில வாங்கிக்கிற தசை. நல்ல பாம்பு விஷம் அந்தக் கரையில போய் உக்காருது. தசையில அசிட்டைல்கோலினை வாங்குற கைகளை எல்லாம் புடிச்சு மூடிக்கிது. இந்தப் பக்கம் நரம்புக்கு ஒண்ணும் ஆகல, அது பாட்டுக்குப் பொட்டலத்தைப் பிரிச்சுக் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு, வாங்கத்தான் ஆளில்ல. இந்த நெலமையில டாக்டர்ங்க விஷமுறிவு மருந்தோட நியோஸ்டிக்மின்னு ஒரு ஊசியும் போடுவாங்க. சந்துல கொட்டின அசிட்டைல்கோலினை ஒடனுக்குடனே கூட்டித் தள்ளுறதுக்குன்னு ஒரு நொதி இருக்கு, இந்த ஊசி அந்தக் கூட்டுறவரைக் கொஞ்ச நேரம் உக்கார வச்சிடும். சரக்கு சந்துல தேங்கும், தேங்கத் தேங்க விஷத்தோட போட்டி போட்டு மிச்சமிருக்குற கைக்குப் போய்ச் சேரும். சொருகிப் போன கண் இமை மேல எழும்பும். நல்ல பாம்பு கடிச்சவரு சீக்கிரம் வீட்டுக்கு வர்றதுக்கு இது ஒரு காரணம்.

கட்டுவிரியன் விஷத்துல முக்கியமான பங்கு வேலை செய்யறது இந்தக் கரையில. நரம்பு முனைக்குள்ளயே கை வச்சு சவ்வைக் கரைக்கும், பொட்டலம் எல்லாம் தீர்ந்து போகும், கடைசியில முனையே சிதைஞ்சு போகும். எலியில இந்த விஷத்தைக் குடுத்துட்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்தப்ப உருண்டைகளே இல்லாம வெறிச்சுன்னு கெடந்த நரம்பு முனையைப் பாத்திருக்காங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, கூட்டுறவரை உக்கார வச்சு என்ன பிரயோசனம், கூட்டுறதுக்கே சரக்கு இல்லையே! விஷமுறிவு மருந்தும் ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்குற விஷத்தைத்தான் புடிக்கும், சிதைஞ்சு போன கடையை அது கட்டித் தராது. நரம்பு முனை புதுசா முளைச்சு, மறுபடி பொட்டலம் கட்ட ஆரம்பிக்கணும், அதுக்கு நாள் ஆகும், அது வரைக்கும் மூச்சை மெஷின்தான் விடணும். உங்க ஊர்ப் பையன் மெஷின்ல கெடந்த அத்தனை நாளும் அவன் ஒடம்பு சும்மா கெடக்கலை, கடை திரும்பக் கட்டிக்கிட்டு இருந்திருக்கு. பொழச்சு வந்ததுக்கு அந்த வார்டு நர்சுங்களுக்குத்தான் கும்பிடு போடணும்.

முக்கியமான ஒண்ணு. இப்படிக் கெடக்குற நோயாளிக்கு கண்ணு தொறக்க முடியாது, வெளிச்சம் அடிச்சா கண்மணி சுருங்காமக்கூடப் போகலாம், கையக் கால அசைக்க முடியாது, பாக்குறதுக்கு மூளையே செத்துட்ட மாதிரி இருக்கும். ஆனா உள்ள மூளை முழிச்சுக்கிட்டு நீங்க பேசுற எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கும், கூட இருக்குறவங்க தலைமாட்டுல நின்னு ஒப்பாரி வைக்காதீங்க. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரி, தரையில படுத்திருக்குறப்ப கடிக்கும், கடிவாய் வலிக்காது, வீங்காது, சில சமயம் அடையாளமே தெரியாது. விடிகாலையில வயித்து வலி, வாந்தி, கண்ணு சொருகுது, பேச்சு குழறுதுன்னா வாயுக்கோளாறுன்னு சோடா குடுத்துக்கிட்டு இருக்காம ஒடனே ஆஸ்பத்திரி. கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க. நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், பாம்பைத் தேடி அடிச்சு பையில போட்டு எடுத்துக்கிட்டு வர வேண்டியதில்ல. அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் குடுக்குறவங்கள்ல நம்ம வடநெம்மேலி இருளர் கூட்டுறவு சங்கத்துக்கு ரொம்பப் பெரிய பங்கு, 1978ல இருந்து நடக்குது.

விவசாயின்னு சொன்னதால இன்னொண்ணும் சொல்லிடுறேன். அந்தக் கூட்டுற நொதி இருக்குதே, நியோஸ்டிக்மின் அதைக் கொஞ்ச நேரம்தான் உக்கார வைக்கும், ஆர்கனோ பாஸ்பேட் வகை பூச்சி மருந்து அதை மொத்தமா முடக்கிடும். மருந்தடிச்சுட்டு வந்தவருக்கு வாயில எச்சில் ஊத்துது, கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்குது, நெஞ்சு அடைக்குதுன்னா சந்துல சரக்கு தேங்கி வழியுதுன்னு அர்த்தம். காத்துக்கு எதிரா நின்னு அடிக்காதீங்க.

என் மகன் "டோபமைன் டீடாக்ஸ்"னு ஞாயித்துக்கிழமை முழுக்க போன் பாக்காம, யார்கிட்டயும் பேசாம, சாப்பாடுகூட பாதியா சாப்பிட்டுக் கெடக்கான். ரீல்ஸ் பாத்து டோபமைன் தீந்து போயிடுச்சாம், ஊற வைக்கிறானாம். நெசமா?
வாசகர், கோயம்புத்தூர்

போன் பாக்காம இருக்குறது நல்லதுதான், அதைக் கலைச்சு விடாதீங்க. ஆனா டோபமைன் தீந்து போகாது, ஊற வைக்க அது உளுந்தும் இல்ல. சந்துல கொட்டின டோபமைன்ல பெரும்பங்கை நரம்பே திரும்ப உறிஞ்சி மறுபடி பொட்டலம் கட்டி வச்சுக்கும், குறையுறதைப் புதுசாவும் தயார் பண்ணிக்கும்.

நெசமாவே தீந்து போனா எப்படி இருக்கும்னு தெரியணுமா? நம்ம நாட்டு மூலிகை சர்ப்பகந்தா இருக்குல்ல, அதுல இருந்து ரிசர்பின்னு ஒரு மருந்து 1952ல பிரிச்சு எடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே கல்கத்தாவுல சென்னும் போஸும் 1931ல அந்த வேரைப் பத்தி எழுதியிருக்காங்க, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல அது ரத்தக்கொதிப்பைக் குறைக்கிறதை வெளிநாட்டுப் பத்திரிகையில போட்டு உலகத்துக்கே காட்டினாரு. அந்த ரிசர்பின் என்ன பண்ணுதுன்னா, நான் சொன்ன பஸ் படி இருக்குல்ல, டோபமைன் ஏறுற அந்தக் கதவை அடைச்சிடும். பொட்டலத்துக்குள்ள ஏற முடியாம வெளிய அலையுற டோபமைனை மோனோ அமீன் ஆக்சிடேஸ்னு ஒரு நொதி கடிச்சுத் தின்னுடும். (பொட்டலம் எதுக்குன்னு கேட்ட நாமக்கல் பொண்ணுக்கு இதுவும் ஒரு பதில், பூட்டி வைக்காத சரக்கை எலி தின்னுடும்.) ஸ்வீடன்ல ஆர்விட் கார்ல்சன் முயலுக்கு ரிசர்பின் குடுத்தாரு, முயல் காது தொங்கி, அசையாம, பொம்மை மாதிரி உக்காந்துடுச்சு. மூளைக்குள்ள போய் டோபமைனா மாறுற லெவோடோபாவை ஊசியா போட்டாரு, எந்திரிச்சு ஓடுச்சு. 1957ல வெளியிட்டாரு, 2000ல நோபல். உங்க மகன் ஞாயித்துக்கிழமை ராத்திரி எந்திரிச்சு நடந்து போய் ஃபிரிட்ஜைத் தொறக்குறானா? அப்ப டோபமைன் இருக்கு, கவலைப்படாதீங்க.

அப்பாவுக்குப் பார்கின்சன். ஆரம்பத்துல மூணு வேளை மாத்திரையில நாள் பூரா நல்லா இருந்தாரு. இப்ப அதே மாத்திரை, ஆனா அடுத்த வேளை வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கை நடுங்குது, நடை ஒட்டிக்குது. மாத்திரை போலியா சார்? பூனைக்காலி பொடி குடுக்கலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.
வாசகி, காரைக்குடி

மாத்திரை போலி இல்லம்மா, பொட்டலம் வைக்கிற எடம்தான் குறைஞ்சு போச்சு. பார்கின்சன்ல மூளையில டோபமைன் கட்டுற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுக்கிட்டே வரும். அந்த முயலுக்குப் போட்ட அதே லெவோடோபாதான் அப்பா சாப்பிடுறதும். டோபமைனை நேராக் குடுத்தா மூளைக்குள்ள நுழையாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற காவல் விடாது, லெவோடோபாவை மட்டும் விடும். உள்ள போனதும் நரம்பு அதை டோபமைனா மாத்தி உருண்டையில அடைச்சு வச்சுக்கும். நோய் ஆரம்பத்துல மிச்சம் இருக்குற நரம்பு முனைகள் காலையில வந்த சரக்கை வாங்கி இருப்பு வச்சு, மத்தியானம் வரைக்கும் அளந்து அளந்து குடுத்துக்கிட்டு இருந்துச்சு. வருஷம் போகப் போக அந்த முனைகள் குறையும், கிடங்கு சுருங்கும், இருப்பு வைக்க எடம் இல்லன்னா சரக்கு லாரி வந்தப்ப மட்டும்தான் வியாபாரம், லாரி போனதும் கடை காலி. மாத்திரை ரத்தத்துல இருக்குற வரைக்கும் நல்லா இருப்பாரு, எறங்கினதும் நடுக்கம். டாக்டர்கிட்ட எத்தன மணிக்கு மாத்திரை, எத்தன மணிக்கு நடுக்கம்னு ஒரு வாரத்துக்கு நோட்டுல எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க, வேளையைப் பிரிச்சுக் குடுப்பாங்க, வேற மருந்தும் சேர்ப்பாங்க. மாத்திரையை முட்டை, பருப்பு, பாலோட சேத்துக் குடுக்குறீங்களான்னும் பாருங்க, புரதத்துல இருந்து வர்ற அமினோ அமிலமும் லெவோடோபாவும் மூளைக்குள்ள போறது ஒரே வாசல்ல, முண்டியடிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

பூனைக்காலியில லெவோடோபா இருக்குறது உண்மை, வதந்தி இல்ல. அதனாலதான் பயமே. ஒவ்வொரு பொடியிலயும் எவ்ளோ இருக்குன்னு தெரியாது, மாத்திரையோட சேந்தா அளவு எகிறி கை கால் தானா நெளிய ஆரம்பிச்சுடும். டாக்டருக்குத் தெரியாம குடுக்காதீங்க.

வாழைப்பழத்துல செரோட்டோனின் இருக்காமே, தெனம் ரெண்டு சாப்பிட்டா சந்தோசமா இருக்கலாமா?
வாசகர், திருச்சி

செரோட்டோனினும் நரம்பு கொட்டுற சரக்குல ஒண்ணுதான். வாழைப்பழத்துல இருக்கு, ஆனா வயித்தோட சரி, மூளைக் காவல் அதையும் விடாது. நம்ம ஒடம்பு செரோட்டோனின்ல சுமார் 90 சதவீதம் குடல்லதான் இருக்கு, அங்க சரக்கு தட்டுப்பாடே இல்ல. ரஸ்தாளியை ருசிக்காக சாப்பிடுங்க.

தொடர்ந்து நீட்டிக்கிட்டே இருந்தா பொட்டலம் தீந்து போகாதா? பேப்பருக்கு எங்க போகும்?
ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

தீரும் சார், என் கண்ணால பாத்திருக்கேன். நான் பிசியாலஜி பாடம் எடுத்துக்கிட்டு இருந்த காலத்துல முதல் வருஷப் பசங்களுக்குத் தவளைக் கெண்டைக்கால் தசையை நரம்போட எடுத்து மாட்டி, மண்ணெண்ணெய்ப் புகை படிஞ்ச கருப்பு டிரம் சுத்த, ஊசிமுனை அதுல வெள்ளைக் கோடு கீறுற மாதிரி வச்சுக் காட்டுவோம். நரம்பை விடாம தூண்டினா கோடு மொதல்ல உசரமா வரும், அப்புறம் குட்டையாகும், கடைசியில தரையோட தரையா போயிடும். பசங்க "தசை செத்துருச்சு சார்"ம்பாங்க. இப்ப நரம்பை விட்டுட்டு தசையிலயே நேரா கரண்ட்டு குடுடான்னா, டக்குனு உசரமா ஒரு கோடு எழும்பும். தசை களைக்கல, நரம்பும் களைக்கல, சந்துலதான் சரக்கு தீந்திருக்கு. கை எல்லாம் கரி அப்பிக்கிட்டு ஒரு பையன் "அப்ப கடைதான் சார் காலி"ன்னான், இந்த அண்ணாச்சி கடை உவமையே அவன் குடுத்ததுதான்.

பேப்பர் விஷயம் இன்னும் அருமை. உருண்டை முனைச் சவ்வோட கலந்து கொட்டின பிறகு, நரம்பு அந்தச் சவ்வை மறுபடி உள்ள கிள்ளி எடுத்து புது உருண்டை பண்ணிக்கிது. ஹூசரும் ரீஸும் 1973ல தவளை நரம்புல இதைக் காட்டினாங்க, வெளியில ஒரு அடையாளப் பொருளைக் கலந்து வச்சுட்டு நரம்பைத் தூண்ட, கொஞ்ச நேரத்துல அது உருண்டைக்குள்ள போய் உக்காந்திருந்துச்சு. அந்தக் கிள்ளுற வேலைக்கு டைனமின்னு ஒரு புரதம், உருண்டையோட கழுத்தைச் சுத்தி வளைச்சு இறுக்கி அறுத்து விடும். பழ ஈயில ஒரு வகை இருக்கு, பேரு ஷிபிரே, ஜப்பானிய மொழியில மரத்துப் போறதுன்னு அர்த்தம். அதுக்கு டைனமின்ல சின்ன கோளாறு, சாதாரண சூட்டுல நல்லா பறக்கும், 30 டிகிரி பக்கத்துல போனா டைனமின் வேலை நிறுத்தம் பண்ணிடும். பேப்பர் திரும்பி வராது, இருக்குற பொட்டலத்தை நீட்டி நீட்டித் தீத்துட்டு, கொஞ்ச நேரத்துல ஈ அத்தனையும் குழாயோட அடியில கால் மடங்கி விழுந்து கெடக்கும். குளிர்ச்சியான எடத்துல வச்சா மறுபடி எந்திரிச்சுப் பறக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு அந்த ஈ காலையில பறந்து, மத்தியானம் விழுந்து, சாயங்காலம் எந்திரிக்கும்னு நெனைக்கிறேன், நாகர்கோவில்ல வேணா ஒருவேளை நாள் பூரா பறக்கலாம்.